ஆல்ப்ஸில் மலை நடைக்குக் கார் வேண்டுமா, உள்ளூர் பஸ் போதுமா?

கேள்வி, 12 ஜூன் 2023

ஆகஸ்டில் நானும் மனைவியும் 9 நாள் ஆல்ப்ஸ் போகிறோம். ஊர் சுற்றல் இல்லை, மலையில் நடப்பதுதான் திட்டம். கார் வாடகைக்கு எடுக்காவிட்டால் ஒரு மலையையும் தொட முடியாது, உள்ளூர் பஸ் எல்லாம் பாட்டிமார் சந்தைக்குப் போய்வரத்தான் என்று அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். எனக்கு வலது பக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. பஸ்ஸை மட்டும் நம்பி அங்கே நடந்தவர்கள் யாராவது உண்டா?

12 ஜூன், இரவு

உண்டு. பெர்னில் பதினோரு வருடமாக இருக்கிறேன், வீட்டில் காரே கிடையாது. உங்கள் அலுவலக நண்பர் சொல்வது தலைகீழ். காரில் போனவருக்குத்தான் மலையில் கால்கட்டு. எங்கே நிறுத்தினாரோ அங்கேயே திரும்பி வந்தாக வேண்டும். ஒரு பள்ளத்தாக்கில் ஏறி, கணவாயைத் தாண்டி, அடுத்த பள்ளத்தாக்கில் இறங்குவதுதான் ஆல்ப்ஸில் நடப்பதன் ருசியே. அது பஸ்காரருக்குத்தான் வாய்க்கும்.

ஒரு உதாரணம். பெர்னிலிருந்து ரயிலில் ஷ்பீட்ஸ் வழியாக ரைஹன்பாக், அங்கிருந்து தபால் நிறுவனத்தின் மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் கீன்டால் பள்ளத்தாக்கின் முடிவில் உள்ள கிரீசால்ப். அங்கே இறங்கி நடந்தால் செஃபினன்ஃபுர்கெ கணவாய், 2,778 மீட்டர். மறுபக்கம் இறங்கினால் மியூரன். அங்கிருந்து ரோப் காரில் கீழே வந்து லவுட்டர்புருன்னன், இன்டர்லாக்கன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. இதையே காரில் போய்ச் செய்தால், சாயங்காலம் மியூரனில் நின்றுகொண்டு மலைக்கு அந்தப் பக்கம் கிடக்கும் காரை நினைத்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான். மியூரனுக்குள் காரே வரக்கூடாது என்பது இன்னொரு விஷயம்.

13 ஜூன், காலை

திருத்தம். செஃபினன்ஃபுர்கெ 2,612 மீட்டர். 2,778 என்று நான் எழுதியது பக்கத்துக் கணவாயான ஹோட்யூர்லியின் உயரம். இரண்டுக்கும் கிரீசால்பிலிருந்துதான் புறப்பட வேண்டும், அதனால் குழம்பிவிட்டேன். ஹோட்யூர்லி வழியாகப் போனால் ஓஷினன் ஏரிக்கு இறங்கிக் கான்டர்ஷ்டெக் சேரலாம். 1,370 மீட்டர் ஏறி 1,600 மீட்டர் இறங்க வேண்டும். முழங்காலிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஏரியிலிருந்து கீழே வர ரோப் கார் இருக்கிறது, கடைசி நானூறு மீட்டர் இறக்கத்தை அது பார்த்துக்கொள்ளும்.

13 ஜூன், மதியம்

கிரீசால்ப் பஸ் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தச் சாலையின் ஏற்றம் சில இடங்களில் 28 சதவீதம். ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான போஸ்ட் பஸ் வழி என்று பெயர். சாதாரண பஸ் அந்த வளைவுகளில் திரும்பாது, குட்டி பஸ்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஓட்டுநர் மூன்று சுர ஹாரன் அடிப்பார். ரோசினியின் வில்லியம் டெல் ஓபரா முன்னிசையிலிருந்து எடுத்த சுரங்கள், நம் கணக்கில் ச, க, ப மூன்றுக்குள் அடங்கிவிடும். முதல் தடவை கேட்டபோது என் மகள் யாருக்கோ போன் வருகிறது என்று நினைத்தாள்.

இந்த மலைச் சாலைகளில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்த நீலப் பலகை இருக்கும். அந்தப் பலகை உள்ள சாலையில் எதிரே வரும் காரைப் பின்னால் போ, ஒதுங்கி நில் என்று சொல்லும் உரிமை போஸ்ட் பஸ் ஓட்டுநருக்கு உண்டு. வாடகைக் காரில் நீங்கள் வந்தால் பின்னால் போகப்போவது நீங்கள்தான். வலது பக்கம் ஓட்டிப் பழகாமல், ரிவர்ஸில், பக்கத்தில் பள்ளம்.

வயிறு பிரட்டுபவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். இஞ்சி மிட்டாய் கையில் இருக்கட்டும்.

15 ஜூன்

"கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

2016 அக்டோபர், ஒரு ஞாயிறு. இடம் பெயர் வேண்டாம். போன வருடம் போய்வந்த நினைப்பில், இந்தத் தடவை அட்டவணையைப் பார்க்கவே இல்லை. நாலே முக்கால் மணிக்கு ஸ்டாப்பில் வந்து நின்றோம். பலகையில் நேரம் இருந்தது, அதன் பக்கத்தில் ஒரு குட்டி எண் இருந்தது, அடியில் அதே குட்டி எண்ணுக்கு விளக்கம் இருந்தது: அந்த பஸ் போன ஞாயிறோடு நின்றுவிட்டது. அடுத்தது ஜூன் மாதம். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் மலையைப் பார்த்தேன். பதினோரு கிலோமீட்டர் தார்ச் சாலை. மலையில் இருபது கிலோமீட்டர் நடந்தால் வலிக்காத கால் தார் ரோட்டில் நாலாவது கிலோமீட்டரில் வலித்தது. ஏழாவதில் ஒரு பால்வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். வண்டியில் பால் இல்லை, இரண்டு கன்றுக்குட்டிகள் இருந்தன.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம்: அட்டவணையை அடியிலிருந்து மேலாகப் படிப்பது. முதலில் அடிக்குறிப்பு, பிறகு கடைசி பஸ், பிறகு அதற்கு முந்தைய பஸ். அந்த முந்தைய பஸ்தான் என் பஸ். கடைசி பஸ் சாயங்காலம் 5.40, அதற்கு முந்தையது 4.40 என்றால், 4.40க்கு ஸ்டாப்பில் இருக்கும்படி கணக்குப் போடுவேன். வழிகாட்டிப் பலகை 5 மணி நேரம் என்று சொன்னால் நான் ஆறரை என்று எடுத்துக்கொள்வேன். சுவிஸ் பலகைகளில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும், அதுவும் நிற்காமல் நடக்கும் நேரம். தண்ணீர் குடிப்பது, போட்டோ எடுப்பது, மர்மோட் என்ற மலை அணிலைப் பார்த்துக் கத்துவது எதுவும் அதில் சேராது. ஆக, காலை 10.10க்குள் நடக்க ஆரம்பித்தாக வேண்டும். அந்த நேரத்துக்குள் மேலே கொண்டுவிடும் பஸ் இல்லையென்றால் அந்த வழி அன்றைக்கு வேண்டாம்.

15 ஜூன், பத்து நிமிடம் கழித்து

பால்வண்டிக்காரர் காசு வாங்கவில்லை. எழுத விட்டுப்போயிற்று.

18 ஜூன்

நேற்று நடந்துகொண்டே யோசித்ததில் பஸ் நடைக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு என்று தோன்றியது: பஸ் குறைவாக வரும் முனையில் தொடங்கு, பஸ் நிறைய வரும் முனையில் முடி.

மேலே சொன்ன கிரீசால்ப்–மியூரனையே எடுங்கள். கிரீசால்புக்கு ஒரு நாளைக்குக் கொஞ்சம் பஸ்தான். மியூரனிலிருந்து இரவு வெகுநேரம் வரை ரோப் கார் ஓடும். காலையில் வீட்டிலிருந்து நேரம் பார்த்துக் கிளம்பினால் பஸ்ஸைத் தவற விட வாய்ப்பே இல்லை. ஒரு நாள் நடந்த காலோடு சாயங்காலம் வந்து சேரும் நேரத்தை யாரால் துல்லியமாகச் சொல்ல முடியும்? அந்த முனையில்தான் தாராளம் வேண்டும். மியூரனிலிருந்து தொடங்கி கிரீசால்பில் முடித்தால் கடைசி ஒரு மணி நேரம் மலையைப் பார்க்க மாட்டீர்கள், கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பீர்கள். கிரீசால்ப் பக்கத்தில் கணவாய்க்குக் கீழே மரப்படிகள் போட்டிருக்கிறார்கள். அவற்றில் ஏறுவது இறங்குவதைவிட எனக்கு எளிது. விதியும் முழங்காலும் ஒத்துப்போகிற அபூர்வ இடம்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். முடியப்போகும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, காலை பஸ்ஸில் தொடங்கும் இடத்துக்குப் போங்கள். நடந்து வந்தால் கார் நிற்கும், எந்த பஸ்ஸும் உங்களை அவசரப்படுத்தாது. நான் பார்த்த வயதான சுவிஸ்காரர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

19 ஜூன்

ஒருவர் குத்திக் காட்டியிருக்கிறார்: "முதல் பஸ் மேலே வருவதற்குள் மணி ஒன்பது. மலை ஏறுபவர்கள் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார்கள். பஸ்ஸை நம்பினால் சிகரம் கிடையாது."

உண்மை. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி இறங்குவது அடிக்கடி நடக்கும். ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்கி 1,200 மீட்டர் ஏறினால், மேகம் கறுக்கும் நேரத்தில் நீங்கள் கணவாய் உச்சியில் இருப்பீர்கள். அதற்கு வழி முந்தின நாள் சாயங்கால பஸ்ஸில் போய் மேலேயே தங்குவது. கிரீசால்பில் தங்குமிடம் இருக்கிறது. சுவிஸ் ஆல்பைன் கிளப்புக்கு மட்டும் மலைக்குடில்கள் 150க்கு மேல். பொதுப் படுக்கை அறை, ஏழு மணிக்குச் சூப்பு, பத்து மணிக்கு விளக்கணைப்பு, பக்கத்துப் படுக்கைக்காரர் குறட்டை. விடிகாலையில் காரில் வருபவர் கீழே வளைவில் திணறும்போது நீங்கள் ஏற்கனவே மேலே.

பனியாற்றில் கயிறு கட்டி ஏறும் சிகரங்களைப் பற்றி நான் பேசவில்லை. நமக்கு நடைவழி காட்டும் மஞ்சள் பலகையும், பாறையில் வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் கோடும் போதும். வெள்ளை–நீலம்–வெள்ளை, அதாவது கடினமான மலையேற்ற வழி, தெரிந்தால் நான் திரும்பிவிடுவேன், நீங்களும் திரும்புங்கள்.

22 ஜூன்

பஸ்ஸின் இன்னொரு லாபம், இலவச உயரம். கிரின்டல்வால்ட் 1,034 மீட்டர். அங்கிருந்து பஸ் குரோஸ ஷைடெக் வரை ஏறும், 1,962 மீட்டர். 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்தபடியே ஏறிவிட்டீர்கள். அங்கிருந்து ஃபிர்ஸ்ட் வரை ஒன்றரை மணி நேர நடை, பெரிய ஏற்றம் கிடையாது, வழி முழுக்க எதிரே ஐகர் சிகரம். அந்தச் சாலையில் தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் அலுவலக நண்பர் அங்கே போனாரென்றால் பாட்டிமார் பஸ்ஸில்தான் ஏறியாக வேண்டும்.

மறுபக்கம் மைரிங்கனிலிருந்தும் போஸ்ட் பஸ் ஷைடெக்குக்கு வரும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கலாம். முதல் நாள் கால் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் தெரியாது.

22 ஜூன், இரவு

பாட்டிமார் விஷயத்தில் நண்பரைக் கிண்டல் செய்தது சரியில்லை. ஒரு விதத்தில் அவர் சொன்னது சரிதான், இந்த பஸ்கள் நமக்காக ஓடுவதில்லை. சுவிட்சர்லாந்தின் முதல் மோட்டார் போஸ்ட் பஸ் 1906 ஜூன் 1 அன்று எங்கள் பெர்னிலிருந்து டெட்லிகன் என்ற சின்ன ஊருக்கு ஓடியது, தபால் பையும் ஊர்க்காரர்களும் போவதற்காக. நாம் அதில் தொற்றிக்கொள்பவர்கள். இது மறந்துபோனால் எங்கே இடிக்கும் என்பதை நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

25 ஜூன்

நாளைக்கு என்றேன், மூன்று நாள் ஆகிவிட்டது.

இடிக்கும் இடம் இதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்காக விடும் பஸ். ஆஸ்திரியாவிலும் வட இத்தாலியின் தென் திரோலிலும் அட்டவணையில் "பள்ளி நாட்களில் மட்டும்" என்று ஒரு குறி இருக்கும். காலை ஆறே முக்கால் பஸ், ஆகா, இடிக்கு முன்னால் கணவாய் தாண்டிவிடலாம் என்று குதிப்பீர்கள். நீங்கள் போவது கோடை விடுமுறையில். அந்த பஸ் அப்போது ஓடாது.

அடுத்தது இத்தாலி. "ஃபெரியாலே" என்றால் நம் காதுக்கு லீவு நாள் போலக் கேட்கும். அது வேலைநாள், அதில் சனிக்கிழமையும் சேர்த்தி. லீவு நாளுக்கு "ஃபெஸ்டிவோ". ஜெர்மன் பேசும் இடங்களில் "வெர்க்டாக்" என்றாலும் திங்கள் முதல் சனி வரை. சனிக்கிழமை பஸ் இல்லை என்று நினைத்து ஒரு நாளை நான் வீணாக்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 1 சுவிஸ் தேசிய நாள். ஆகஸ்ட் 15 இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் விடுமுறை. இந்த வருடம் இரண்டுமே செவ்வாய்க்கிழமை. ஆனால் அந்தந்த இடத்தில் ஞாயிறு அட்டவணைதான் ஓடும். உங்கள் 9 நாளில் எது விழுகிறதென்று பாருங்கள்.

26 ஜூன்

கேள்வி கேட்டவர் மனைவிக்கு முழங்கால் வலி என்று இன்றைக்குத்தான் எழுதுகிறார். ஐயா, இதை முதல் வரியில் எழுத வேண்டாமா! ஹோட்யூர்லி பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள்.

ஆனால் பஸ்ஸின் உண்மையான அருமை இங்கேதான். மோன் பிளாங்கைச் சுற்றி வரும் நடை ஏறக்குறைய 170 கிலோமீட்டர், பிரான்ஸ், இத்தாலி, சுவிஸ் மூன்றும் வரும். 2019இல் அதில் ஒரு பாதியை நாங்கள் போனோம். இத்தாலியில் கூர்மயரிலிருந்து பஸ்ஸில் ஆர்னூவா, அங்கிருந்து 770 மீட்டர் ஏறி கிரான் கோல் ஃபெரே, 2,537 மீட்டர். அதுதான் எல்லைக் கணவாய். இறங்கினால் சுவிஸ் வால் ஃபெரேயில் லா ஃபூலி, அங்கேயும் பஸ். அந்த இறக்கத்தில் வீட்டுக்காரரின் கால் பிசகியது. அடுத்த நாள் ஷாம்பே ஏரி வரை நடக்க வேண்டும், நாலரை மணி நேரம். நான் நடந்தேன். அவர் லா ஃபூலியில் பஸ் ஏறி, ஓர்சியேரில் இறங்கி, அடுத்த பஸ் மாறி ஷாம்பேக்கு மேலே வந்துவிட்டார், என் பையையும் தூக்கிக்கொண்டு. நான் வேர்த்து விறுவிறுத்து ஏரிக்கரைக்கு வந்தால், அவர் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு இரண்டாவது ஆப்ரிகாட் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒரே நடையைத்தான் முடித்தோம் என்று இன்னும் சொல்லித் திரிகிறார்.

ஆகவே வழி தேர்ந்தெடுக்கும்போது நடுவில் எங்கெங்கே பஸ் சாலை குறுக்கே வருகிறது என்று வரைபடத்தில் வட்டம் போட்டு வையுங்கள். மழை, கால்வலி, சண்டை, எதுவானாலும் அந்த வட்டம் உதவும்.

3 ஜூலை

இன்னொரு திருத்தம், இது முக்கியம். தனிச்செய்தியில் கேட்ட ஒருவரிடம் "பஸ்ஸுக்கு முன்பதிவு தேவையே இல்லை, கைகாட்டினால் நிற்கும்" என்று சொல்லியிருந்தேன். பள்ளத்தாக்கு பஸ்களுக்கு அது சரி. ஃபுர்கா, கிரிம்செல், சூஸ்டன் போன்ற உயரமான கணவாய்களைத் தாண்டும் கோடைக்கால போஸ்ட் பஸ்களில் இடம் முன்பதிவு செய்யச் சொல்கிறார்கள். இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளில் டோப்லாக்கிலிருந்து திரே சீமே சிகரங்களின் அடிவாரமான அவுரோன்சோ குடிலுக்குப் போகும் 444ஆம் எண் பஸ்ஸுக்கும் இணையத்தில் முன்பதிவு கட்டாயம். அது 2,320 மீட்டர் வரை ஏறும், கூட்டம் அம்மும்.

பஸ்ஸே இல்லாத மூலைகளுக்கு அல்பென்டாக்சி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மவுன்டன் வில்டர்னெஸ் அமைப்பு தொகுத்தது, உள்ளூர்க்காரர்கள் சிறு வண்டி வைத்து ஏற்றிவிடுவார்கள். 2016இல் இது எனக்குத் தெரிந்திருந்தால் கன்றுக்குட்டிகளோடு வந்திருக்க மாட்டேன். தெரியாததும் நல்லதுதான்.

4 ஜூலை

பணம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. சுவிஸ் டிராவல் பாஸ் போஸ்ட் பஸ்களிலும் செல்லும். பிரான்சின் ஷாமோனியில் தங்கினால் விடுதியில் விருந்தினர் அட்டை கேளுங்கள், பள்ளத்தாக்கு பஸ்ஸும் ரயிலும் இலவசம். தென் திரோலிலும் பல விடுதிகள் அப்படி ஒரு அட்டை தருகின்றன. கேட்டால்தான் நினைவு வரும் சிலருக்கு.

9 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் கிரின்டல்வால்டிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார். குரோஸ ஷைடெக்கில் மனைவி சிரிக்கிறார், அவர் முகம் வெளிறியிருக்கிறது. பஸ்ஸில் பின் இருக்கையாம். இஞ்சி மிட்டாய் சூட்கேஸிலாம்.

நாளை மறுநாள் கிரீசால்ப் போகலாமா என்கிறார். போங்கள். கணவாய் வேண்டாம். கிரீசால்பில் காபி குடித்துவிட்டு, சாலையை ஒட்டி இறங்கும் பாதையில் அருவியைப் பார்த்துக்கொண்டே சிங்கல் ஏரி வரை நடந்து, அங்கே பஸ் ஏறுங்கள். முழங்கால் வலித்தால் பஸ்ஸிலேயே இறங்குங்கள், அதே அருவி ஜன்னல் வழியாகவும் தெரியும். போகும்போது முன் இருக்கை.

20 ஆகஸ்ட்

ஊர் திரும்பிவிட்டாராம். ஒரு பஸ்ஸையும் விடவில்லை, ஒரு ரயிலை விட்டாராம், அதுவும் ஷ்பீட்ஸ் ஸ்டேஷனில் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றதில். அலுவலக நண்பரிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். நண்பர் இப்போது வேலை மாறிப் போய்விட்டாராம். வாதம் அனாதையாகிவிட்டது.

10 டிசம்பர்

இன்று இரண்டாம் ஞாயிறு, புது அட்டவணை வந்துவிட்டது. வழக்கம்போல ஐரோப்பா முழுக்க ஒரே நாளில் மாறும். கோடையில் இங்கே சிலருக்குப் பதில் சொல்லும்போது நான் எழுதிய பஸ் நேரங்களை எல்லாம் சற்றுமுன் அழித்துவிட்டேன். 15 ஜூன் பதிவில் உள்ள 5.40, 4.40 மட்டும் இருக்கட்டும், அவை எந்த ஊர் பஸ்ஸும் இல்லை, கணக்குக்காகச் சொன்னவை. அதை நம்பி யாரும் ஸ்டாப்பில் போய் நிற்காதீர்கள்.